அறையில் ஒருவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு சங்கரேஸ்வரியின் திரை கறுத்தது. நடுவில் சிவப்பாக இரண்டே சொற்கள்.

'அறையில் இருவர்.'

திரும்பிப் பார்த்தாள். எட்டுக்கு ஆறு அறை. முன்பு அரிசி மூட்டையும் உடைந்த கட்டிலும் கிடந்த இடம். வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி ஆட்கள் வந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, கூரையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா. அவ்வளவுதான். ஆள் ஒளிய வேண்டுமென்றால் மேஜைக்கு அடியில்தான் ஒளிய வேண்டும். குனிந்து பார்த்தாள். அங்கே அவளுடைய செருப்புகூட இல்லை.

நிமிர்ந்தபோது திரை அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

'அறையில் இருவர்.'

* * *

சென்னை மடிப்பாக்கத்தில், இதே போல் ஜன்னல் அடைத்த இன்னொரு அறையில், பாக்கியநாதனின் மேஜைக்கு அந்தப் புகார் வந்து சேர்ந்தது. வயது நாற்பத்தாறு. பதவி, விசாரணை அதிகாரி. கம்பெனிக்குப் பதினோராயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆபீஸ் என்று ஒரு கட்டடம் கிடையாது. எல்லோரும் அவரவர் வீட்டில். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் கோப்புகள் அந்தப் பதினோராயிரம் அறைகளில் திறந்து மூடின. அதில் ஒரு வரி வெளியே போனாலும் கேள்வி கேட்பவர் பாக்கியநாதன்.

அழைப்பைப் போட்டார்.

"பேரு?"

"சங்கரேஸ்வரி சார். ராஜபாளையம்."

"உள்ள யாரு இருக்காங்க?"

"நான் இருக்கேன்."

"உங்களத் தவிர?"

"யாருமில்ல சார்."

"பூனை, நாய்?"

"பல்லி ஒண்ணு இருந்துச்சு. டப்பா மாட்டுன அன்னிக்கே அதுவும் வேலைய விட்டுப் போயிருச்சு."

பாக்கியநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிரித்தால் பதிவாகும்.

"சங்கரேஸ்வரி, டப்பா பொய் சொல்லாது. கேமராவ ஏமாத்தலாம். ஏமாத்தினாங்க. ஒருத்தன் கேமரா முன்னால தன்னோட போட்டோவ நிறுத்தி வெச்சிட்டு, ஸ்கிரீன ஃபோன்ல படம் எடுத்தான். நாலாயிரம் நோயாளி விவரம் சந்தைக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் டப்பா வந்துச்சு. அது உங்க முகத்தப் பாக்கறதில்ல. அறைக்குள்ள எத்தன நெஞ்சு துடிக்குதுன்னு எண்ணுது. ஒரு அறை, ஒரு இதயம்."

"தெரியும் சார். டிரெய்னிங்ல பாட்டாவே பாட வெச்சாங்க."

"போன வெள்ளிக்கிழமை புது அப்டேட் போட்டிருக்கோம். இப்ப கம்பளியப் போத்திக்கிட்டு மூச்ச அடக்கிப் படுத்திருந்தாலும் கண்டுபிடிச்சிடும்."

"அப்ப அது கண்டுபிடிச்ச ஆள எனக்கும் காட்டச் சொல்லுங்க சார். யாருன்னு நானும் பாத்துக்கறேன்."

குரலில் பயம் இல்லை. எரிச்சல் இருந்தது. குற்றவாளிகள் முதலில் பயப்படுவார்கள், அப்புறம்தான் எரிச்சல்படுவார்கள் என்பது பாக்கியநாதனின் நான்கு வருட அனுபவம். இது தலைகீழாக இருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும் உங்க ஸ்கிரீன நானே கையால திறந்து வைக்கறேன். வேலையப் பாருங்க. டப்பா என்ன சொன்னாலும் கறுக்காது. ஆனா நான் பாத்துக்கிட்டே இருப்பேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு."

"சரி சார். சார், வீட்டுச் சாட்சிக்கு மெசேஜ் போயிருச்சா?"

"அது தானாப் போயிடும்."

இப்போதுதான் அந்தக் குரலில் பயம் வந்தது.

"என் வீட்டுக்காரர்தான் சார் சாட்சி."

வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரைச் சாட்சியாகக் காட்டியாக வேண்டும். 'பணியறைக்குள் வேறு யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வேன்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். மீறல் நடந்தால் அவருக்குக் கைபேசியில் தகவல் போகும். தகவலின் வாசகத்தை மூன்று வக்கீல்கள் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். அதில் ஒரு சொல் கூடவோ குறையவோ இருக்காது.

அவள் கணவன் மாரிச்செல்வம் நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். டீக்கடை வாசலில் நாலு பேரோடு நின்றபோது அந்தத் தகவல் வந்தது. பக்கத்தில் நின்றவனும் எட்டிப் படித்தான்.

'பணி நேரத்தில் உங்கள் வீட்டுப் பணியறையில், பணியாளருடன் அனுமதி பெறாத ஒரு நபர் இருந்தார்.'

* * *

புதன்கிழமை இரண்டாவது மீறல். காலை ஒன்பது மணிக்கே.

"உள்ள யாரு சங்கரேஸ்வரி?"

"சார், நீங்க வேற. எனக்கே இப்ப சந்தேகம் வந்துருச்சு. நேத்து சாயங்காலம் வந்து பீரோவத் திறந்து பாத்தாரு. பரண்ல ஏறிப் பாத்தாரு. தண்ணித் தொட்டி மூடியத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தாரு. எவம்டி, எந்தத் தெருக்காரன்டின்னு ஒரே கேள்வி. பதில் சொல்றதுக்கு எனக்கு ஒரு பேராச்சும் தெரிஞ்சிருக்கணும்ல."

"இப்ப அவர் எங்க?"

"லீவு போட்டுட்டுக் கதவுக்கு வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. கதவுல பூட்டு. ஷிப்ட் முடிஞ்சாத்தான் திறப்பாராம்."

"தண்ணி, பாத்ரூம்?"

"தண்ணி குடிச்சாத்தானே பாத்ரூம்."

பாக்கியநாதன் கோப்பில் 'பூட்டு' என்று குறித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை என்னத் தூக்கிட்டீங்கன்னா அது வேலை போறதோட நிக்காது சார். கல்யாணமாகி ஒம்பது வருசம். புள்ள இல்ல. எனக்கு நீர்க்கட்டி, நாள் தள்ளித் தள்ளித்தான் போகும், டாக்டரே கைய விரிச்சாச்சு. அவங்க அம்மா வீட்டுல ஒரு காரணத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்தாங்க. இப்ப கம்பெனியே எழுதிக் குடுத்திருச்சு, உள்ள ஆள் இருந்தான்னு. டிஸ்மிஸ் ஆர்டரும் வந்துட்டா, அன்னிக்கே பெட்டியத் தூக்கி வெளிய வெச்சிருவாங்க."

பாக்கியநாதன் நேரடிப் பதிவைத் திறந்தார். விசாரணை அதிகாரிகளுக்கு மட்டும் காட்டுகிற படம். திரையில் அறையின் வரைபடம், அதன் மேல் இரண்டு துடிப்புக் கோடுகள் ஓடின. மேல் கோடு நிமிடத்துக்கு எண்பத்து நான்கு. அது அவள். கீழ்க் கோடு நூற்று ஐம்பத்திரண்டு.

பூனைதான், முடிந்தது கதை என்று நினைத்தார். அறைக்குள் எங்கோ ஒளிந்திருக்கிறது.

"எழுந்து நில்லுங்க. கதவுகிட்டப் போங்க."

இரண்டு கோடுகளும் கதவருகே போயின.

"இப்ப எதிர்ச் சுவர்."

இரண்டும் எதிர்ச் சுவருக்கு வந்தன.

"குனிஞ்சு தரையத் தொடுங்க."

"என்ன சார், பள்ளிக்கூட டிரில்லா?" என்று முனகிக்கொண்டே அவள் குனிந்தாள். இரண்டும் குனிந்தன.

இரண்டு துடிப்புக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவள் நின்றாலும் நடந்தாலும் அந்தத் தூரம் கூடவில்லை, குறையவில்லை. பூனை இல்லை. ஒளிந்திருக்கும் ஆளும் இல்லை.

பாக்கியநாதனின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஸ்கேன் அறையில், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இதே வேகத்தில் ஓடிய ஒரு சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். தூரத்தில் ரயில் போகிற மாதிரி. அந்தச் சத்தம் இப்போது கல்லூரியில் படிக்கிறது.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன். உடம்பு எப்படி இருக்கு?"

அவருடைய திரையின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு. 'வினா, விசாரணைப் பட்டியலில் இல்லை.'

"உடம்புக்கென்ன சார். சோறுதான் இறங்கல. பயத்துல குமட்டுது."

"டாக்டர ஒரு தடவ..."

விளக்கு சிவந்தது. குரல் அறுந்தது. முப்பது நொடி கழித்து அறிவிப்பு வந்தது. 'பதிவின் உள்ளடக்கத்தைப் பணியாளருக்கு வெளியிடும் முயற்சி. எச்சரிக்கை ஒன்று. இரண்டாவது முறை வழக்காகும்.'

* * *

"கங்க்ராட்ஸ் சொல்லணும்னு தோணுது, ஆனா சொல்லக் கூடாது" என்றார் வத்சலா. பாதுகாப்புப் பிரிவின் தலைவி. கோயம்புத்தூரில் தன் வீட்டில் இருந்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ரெண்டாவது நபராப் பதிவு பண்ணிடலாமே மேடம்?"

"தாராளமா. பேரு வேணும், அடையாள எண் வேணும், கருவிழிப் பதிவு வேணும், ரகசியக் காப்புப் பத்திரத்துல கையெழுத்து வேணும். வாங்கி அனுப்புங்க."

"அந்தத் துடிப்ப மட்டும் எண்ணாம விடச் சொல்லலாம்."

"நூத்தம்பதுல துடிக்கற எதையும் விட்டுடும். மூச்சிறைக்க ஓடிவந்தவன் நெஞ்சும் நூத்தம்பதுதான். நாளைக்கே ஒருத்தன் பத்து தடவ மாடிப்படி ஏறி இறங்கிட்டு, டப்பாவுக்கு டாட்டா காட்டிட்டு உள்ள போவான். கிளையன்ட் நம்மத் தோல உரிச்சுடுவான்."

"அவளுக்கே தெரியாது மேடம்."

"யாருக்கும் தெரியாது பாக்கியநாதன். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நமக்கு உள்ளது எண்ணிக்கை மட்டும். அது யாரோட இதயம், எங்க இருக்கு, எப்படித் துடிக்குது, இதெல்லாம் கிளையன்ட்டோட சொத்து. ஒரு வார்த்த வெளிய போனா அதுவும் டேட்டா லீக்தான். இந்த விஷயத்துல நம்ம ஊழியரும் வெளியாள்தான்."

"ஒரு உயிர் மேடம்."

"சௌந்தரபாண்டியன் தெரியும்ல?"

தெரியும். பாக்கியநாதனுக்கு முன்னால் இந்தப் பதவியில் இருந்தவர். சேலத்தில் ஒரு ஊழியரின் துடிப்பு இடறுவதைப் பார்த்துவிட்டு, 'நாளைக்கே ஹார்ட் டாக்டரப் பாரு' என்று சொன்னார்.

"அந்த ஊழியர் பிழைச்சாரே மேடம்."

"பிழைச்சார். சந்தோஷத்துல கம்பெனிக்கு நன்றிக் கடுதாசி எழுதினார். அந்தக் கடுதாசிதான் சௌந்தரபாண்டியன் மேல போட்ட கேஸ்ல முதல் ஆவணம். நாலு வருஷமா நடக்குது. அவர ஒரு கம்பெனியும் சேத்துக்கல. போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல பாத்தேன். விசில் ஊதி கார் நிறுத்தச் சொல்லிக்கிட்டிருந்தார். என்னப் பாத்ததும் முகத்தத் திருப்பிக்கிட்டார், பாவம்."

குக்கர் மறுபடி விசிலடித்தது.

"கதவ வெளிய பூட்டி வெச்சிருக்கான் மேடம், புருஷன்."

"அப்படியா? குட். 'வெளிக் கட்டுப்பாடு வலுவாக உள்ளது'ன்னு ஃபைல்ல எழுதிக்குங்க. ஆடிட்ல மார்க் வரும்."

* * *

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபது.

பாக்கியநாதனின் திரையில் எண் மாறியது. 'அறையில் மூவர்.'

டப்பாவுக்குக் காது கிடையாது. நெஞ்சு மட்டும்தான் தெரியும். மூன்றாவது துடிப்பு கதவுப் பக்கமிருந்து வந்தது. நூற்றுப் பன்னிரண்டு. சங்கரேஸ்வரியின் கோடு நாற்காலியிலிருந்து எழுந்து, நூற்று முப்பதுக்கு ஏறி, மேஜைக்கு முன்னால் போய் நின்றது. அங்கேயே நின்றது. மூன்றாவது துடிப்பு நெருங்கியது. ஒரே நொடியில் அவளுடைய கோடு பக்கவாட்டில் எகிறித் தரை மட்டத்துக்கு விழுந்தது. கீழ்க் கோடும் கூடவே விழுந்தது.

மூன்றாவது துடிப்பு மேஜையைச் சுற்றி வந்தது. வெளியே போயிற்று.

ஆறு நிமிடம் கழித்து அவள் நாற்காலிக்கு வந்ததும் அழைத்தார்.

"மூணாவது நபர் யாரு?" இது பட்டியலில் இருந்த கேள்வி.

"வீட்டுக்காரர் சார்." மூச்சு வாங்கியது. "மேஜைக்கு அடியில பாக்கணும்னு பூட்டத் திறந்துட்டு வந்தாரு. ஸ்கிரீன் திறந்து கெடக்கு, ஒரு நோயாளியோட ஃபைல் அப்படியே இருக்கு. நீங்க திறந்து வெச்சதுல தானாக் கறுக்கவும் இல்ல. அவரு கண்ணுல பட்டா லீக்கு இல்லையா சார்? அதான் குறுக்க நின்னு மறைச்சேன். எதையோ மறைக்கறேன்னு நெனச்சுத் தள்ளிவிட்டுட்டாரு."

பாக்கியநாதன் கண்ணை மூடித் திறந்தார்.

"அடிபட்டுச்சா?"

மஞ்சள் விளக்கு.

"மேஜை முனை வயித்துல குத்திருச்சு. பரவால்ல சார். ஃபைல் ஒரு எழுத்துக்கூட வெளிய போகல. அத மட்டும் எழுதிக்கங்க."

அழைப்பு முடியவில்லை. அவளும் வைக்கவில்லை, அவரும் வைக்கவில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வேலையைத் தொடர்ந்துவிட்டாள்.

மூன்று நாற்பத்தொன்றுக்குக் கீழ்க் கோடு நூற்று முப்பத்தெட்டு.

அவருடைய சொந்தக் கைபேசி வாசலில் கம்பெனிப் பெட்டிக்குள் இருந்தது. ஆறு மணிக்குத்தான் பெட்டி திறக்கும். ஆனால் கைபேசி எதற்கு? அவள் காது இதோ திறந்திருக்கிறது. 'ஆஸ்பத்திரிக்குப் போ' என்றால் போதும். இரண்டு சொல். சிவப்பு விளக்கு எரிவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

நூற்று இருபத்தொன்று.

வாயைத் திறந்தார். கண்முன் ஒரு கல்யாண மண்டப வாசல் வந்தது, அவருடைய உதட்டில் விசில். கார்கள் வரிசையாக வந்தன. ஒரு காரிலிருந்து வத்சலா இறங்கினார். பின்னால் பாக்கியநாதனின் மகள், கல்லூரித் தோழிகளோடு.

"சார், ஏதாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல."

நூற்று நான்கு.

இந்த மாதத்தில் டாக்டர்கள்கூட ஒன்றும் செய்ய முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எங்கோ படித்த ஞாபகம். எந்த மாதம் என்பதே தனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. தானாகவே ஏறிவிடும், சிலதுக்கு அப்படி இறங்கி ஏறும் என்றும் சொல்லிக்கொண்டார். இதை எங்கும் படித்ததில்லை.

எண்பத்தெட்டு. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அறுபது. ஒரு இடத்தில் விசைப்பலகை நின்றது. "ஸ்..." என்று ஒரு சத்தம். மறுபடி தட்டத் தொடங்கினாள்.

நான்கு மணி ஆறு நிமிடம். திரை பச்சையானது.

'அறையில் ஒருவர்.'

அதன் கீழே, தானாகவே, ஒவ்வொரு வரியாக வந்து விழுந்தது. மீறல் நீங்கியது. விசாரணை முடிந்தது. வெள்ளிக்கிழமை அமர்வு ரத்து. வீட்டுச் சாட்சிக்குத் தகவல் அனுப்பப்பட்டது. அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

பத்து நிமிடம் கழித்து சங்கரேஸ்வரியிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி.

'சார் டப்பா சரியாயிருச்சு சார். அறையில் ஒருவர்னு பச்சையா வந்துருச்சு. அவருக்கும் மெசேஜ் போயிருச்சு. கதவத் திறந்துட்டாரு. தப்பா நெனச்சுட்டேன்னு கண்ணு கலங்கிட்டாரு, ஒம்பது வருசத்துல இப்பத்தான் பாக்கறேன். பால்கோவா வாங்கப் போயிருக்காரு. நீங்கதான் ஏதோ பண்ணுனீங்கன்னு எனக்குத் தெரியும் சார். உள்ள யாரும் இல்லைன்னு நான் சொன்னத நீங்க ஒருத்தர்தான் நம்புனீங்க. உங்களப் பத்தி நல்லதா ஒரு கடுதாசி எழுதணும், மேல யாருக்கு எழுதணும்னு சொல்லுங்க. வயிறுதான் விட்டு விட்டு இழுக்குது. சாப்பிடாததுதான். மூணு நாளு விட்டுப்போன நேரத்தையும் சேத்து இன்னிக்கே முடிச்சுக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்.'

முடிந்த விசாரணைக்கு அதிகாரி தன் சொந்த வார்த்தையில் பதில் எழுத முடியாது. அனுமதிக்கப்பட்ட பதில்கள் நான்கு இருந்தன. பாக்கியநாதன் நான்கையும் மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாகப் படித்தார். ஆஸ்பத்திரி என்ற சொல் எதிலும் இல்லை.

மூன்றாவதைத் தொட்டார்.

'மகிழ்ச்சி. தொடர்ந்து பணியாற்றவும்.'

அனுப்பியாகிவிட்டது. அவருடைய தலைக்கு மேலே கூரையில் இருந்த டப்பா சின்னதாக ஒரு முறை மின்னியது. வழக்கமான நாலரை மணிச் சோதனை. மடிப்பாக்கம் அறையில் துடித்த நெஞ்சுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பச்சை எழுத்தில் திரையில் போட்டது.

'அறையில் ஒருவர்.'